பாண்டி பஜார் நடைபாதை: கிருஷ்ணகிரி மேட்சிங் கடைக்காரியின் விமர்சனம்

புடவைக்கு ஜாக்கெட் துணி மேட்சிங் பார்ப்பதை டியூப்லைட் வெளிச்சத்தில் செய்யவே கூடாது. கடைக்குள் அரக்காகத் தெரிவது வெளியே வந்தால் மெரூன். உள்ளே ராமர் பச்சை, வெளியே பாட்டில் பச்சை. இருபத்திரண்டு வருஷமாக மேட்சிங் சென்டர் நடத்துகிறேன். நாலைந்து ரூபியாத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, புடவைக்காரியைக் கூட்டிக்கொண்டு வாசலுக்கு வந்து, வெயிலில் முந்தானை ஓரத்தில் வைத்துப் பார்த்தால்தான் எனக்கும் திருப்தி, வாங்குகிறவர்களுக்கும் திருப்தி.

வாசல் என்று சொன்னேனே தவிர, அங்கே நிற்க இடம் கிடையாது. படிக்கட்டு, அதை ஒட்டி மோரி என்கிற சாக்கடை, மோரியை ஒட்டி வரிசையாக டூவீலர், அதற்கு அப்பால் ஓடுகிற வண்டிகள். கிருஷ்ணகிரி ரவுண்டானாவிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கிற பஜார் தெரு. கிட்டத்தட்ட எல்லாக் கடை வாசலும் இந்த லட்சணம்தான். போன சித்திரையில் வேப்பனஹள்ளிப் பக்கமிருந்து ஒரு குடும்பம் வந்தது. பெண்ணுக்கு நிச்சயதார்த்தம், மயில்கழுத்து நிறத்தில் பட்டு. மயில்கழுத்து எங்கள் தொழிலில் பெரிய தலைவலி. இப்படிப் பிடித்தால் நீலம், அப்படித் திருப்பினால் பச்சை. நானும் அந்தப் பெண்ணும் இரண்டு வண்டிக்கு நடுவில் ஒண்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தபோது, பின்னால் வந்த பைக்கின் கண்ணாடி முந்தானையில் மாட்டி இழுத்துவிட்டது. ஓட்டியவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஜரிகையில் ஒரு சாண் நீளத்துக்கு இழை வெளியே வந்துவிட்டது. கூட வந்த ஆயா என்னைத்தான் கேட்டது: “ஏம்மா, உள்ள இருட்டு, வெளிய வண்டி. எங்கதான் நின்னு பாக்கறது?”

கேள்வி நியாயமானது. என்னிடம் பதில் இல்லை. இழையை ஊசியால் பின்பக்கமாக இழுத்துச் சரிசெய்து கொடுத்தேன், ஜாக்கெட் பிட்டுக்குக் காசு வாங்கவில்லை.

அதனால்தான் கடைக்கோ ஓட்டலுக்கோ எழுதாமல் ஒரு தெருவுக்கு விமர்சனம் எழுதுகிறேன். மே மாதம் பத்துக் கிலோ செந்தூரா மாம்பழத்துடன் சென்னையில் நாத்தனார் வீட்டுக்குப் போனேன். மேற்கு மாம்பலம். எங்கள் ஊருக்கு ரயில் கிடையாது. ராத்திரி ராயக்கோட்டை மேம்பாலத்தடியில் நின்று பஸ் ஏறி விடியற்காலையில் இறங்குவதுதான் வழக்கம். மறுநாள் லேஸ், பைப்பிங் எல்லாம் பார்க்க தி.நகர் கிளம்பியபோது நாத்தனாரிடம், “ரங்கநாதன் தெரு வேண்டாம், பாண்டி பஜார் போகலாம். அந்தப் புது நடைபாதையை நான் சரியாகப் பார்த்ததே இல்லை” என்றேன்.

புது என்று சொல்வதே தப்பு. ஸ்மார்ட் சிட்டித் திட்டத்தில் ஏறக்குறைய 40 கோடி ரூபாய் செலவில் 2019 நவம்பரில் திறந்தார்கள். சாலையின் பெயர் தியாகராயா சாலை. சௌந்தரபாண்டியனார் பெயரில் இருந்த அங்காடிதான் நம் வாயில் பாண்டி பஜார் ஆகிவிட்டது. பாண்டிச்சேரிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. நான் கல்யாணமான புதிதில் போனபோது நடைபாதை முழுக்கக் கடை. கிளிப், பொட்டு, வளையல், பிளாஸ்டிக் செருப்பு. நடக்கிறவர்கள் எல்லாரும் தார் ரோட்டில்தான். பிறகு நடைபாதைக் கடைக்காரர்களுக்கென்று தனி வளாகம் கட்டி மாற்றினார்கள். அதற்கும் சில வருஷம் கழித்துத்தான் இந்த வேலை: சாலையைக் குறுக்கி, இரண்டு பக்கமும் நடைபாதையை அகலமாக்கி, மரங்களை விட்டுவைத்து, பெஞ்சு போட்டது. கட்டுவதற்கு முன்னால் தடுப்புகளை வைத்து ரோட்டைக் குறுக்கிச் சோதனை பார்த்தார்கள் என்பது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். நாங்களும் துணியில் கத்தரி வைப்பதற்கு முன்னால் குண்டூசி குத்திப் பார்ப்போம்.

மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து தி.நகர் பஸ் ஸ்டாண்டுக்கு 2023ல் ஆகாய நடைபாதை ஒன்று போட்டிருக்கிறார்கள், 570 மீட்டர். ரங்கநாதன் தெருக் கூட்டத்தை மேலேயிருந்து பார்த்துக்கொண்டே காற்றோட்டமாக நடந்தோம். இறங்கியவுடன் மறுபடி உஸ்மான் சாலை நெரிசல். இடிபட்டு, ஒதுங்கி, பனகல் பார்க் வந்து பாண்டி பஜாருக்குள் திரும்பியதும் எனக்கு முதலில் தெரிந்த மாற்றம் வேடிக்கையானது. நானும் நாத்தனாரும் பக்கத்தில் பக்கத்தில் நடந்தோம். அதுவரை ஒருவர் பின்னால் ஒருவர், கழுத்தைத் திருப்பித் திருப்பித்தான் பேசிக்கொண்டு வந்திருக்கிறோம். கைப்பையை மார்போடு அணைத்துப் பிடிக்கிற பழக்கம்கூட ஒரு ஐம்பது அடியில் தானாக விட்டுப்போனது.

பெஞ்சைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கடைத்தெருவில் உட்கார இடம் எவ்வளவு பெரிய விஷயம் என்பது சுமை தூக்கியவர்களுக்குத்தான் தெரியும். மூன்று கடையில் லேஸ் சுருள் வாங்கிப் பையின் வார் தோளை அறுத்தபோது, மரத்தடியில் ஒரு பெஞ்சில் பையை இறக்கினேன். பக்கத்தில் ஒரு பெரியவர் வீட்டம்மாவின் பைகளுக்குக் காவலாக உட்கார்ந்து கண்ணசந்து கொண்டிருந்தார். ஒரு அம்மா கைக்குழந்தைக்குச் செருப்பு மாட்டிவிட்டுக் கொண்டிருந்தாள். யாரும் எதுவும் வாங்காமல் உட்கார்ந்திருந்தார்கள், யாரும் அவர்களை எழுப்பவில்லை. எங்கள் ஊரில் காசு கொடுக்காமல் உட்கார வேண்டுமென்றால் கோவில் போக வேண்டும், இல்லாவிட்டால் பஸ் ஸ்டாண்ட் போக வேண்டும். நாங்கள் கால் மணி நேரம் உட்கார்ந்தோம். உட்காராமல் இருந்திருந்தால் அப்படியே வீட்டுக்குத் திரும்பியிருப்போம். உட்கார்ந்ததால் இன்னும் இரண்டு கடை ஏறினோம். வியாபாரியாக அந்தக் கணக்கு என் மண்டையில் ஓடிக்கொண்டே இருந்தது.

அப்புறம் நான் பார்த்தது. ஒரு துணிக்கடை வாசலில் சேல்ஸ் பெண் ஒருத்தி வாடிக்கையாளரோடு வெளியே வந்து, நடைபாதையிலேயே நின்று புடவையை விரித்து வெளிச்சத்தில் காட்டிக்கொண்டிருந்தாள். முழு முந்தானையையும் விரித்து. சுற்றிப் போகிறவர்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். ஹாரன் இல்லை, இடி இல்லை. நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

“என்ன அண்ணி, புடவையைப் பார்க்கிறீங்களா, ஆளைப் பார்க்கிறீங்களா?” என்றாள் நாத்தனார்.

“நிற்கிற இடத்தைப் பார்க்கிறேன்” என்றேன்.

சரி, குறைகளுக்கு வருகிறேன். முதல் குறை, பாதி மனசோடு செய்த வேலை மாதிரி இருக்கிறது. நடுவில் வண்டிகள் ஓடிக்கொண்டேதான் இருக்கின்றன. குறுக்கே கடப்பது எங்கள் ரவுண்டானாவைக் கடப்பதைவிட அப்படியொன்றும் சுலபமில்லை. சிக்னலில் பொறுமை போன டூவீலர் ஒன்று நடைபாதையில் ஏறி எங்களுக்குப் பின்னால் ஹாரன் அடித்தது. தரை வழவழவென்று இருப்பதால் அவனுக்கும் வசதி. நாத்தனார் நகரவே இல்லை, சென்னைக்காரி. தணிகாசலம் சாலையில் அடுக்கடுக்காக வண்டி நிறுத்துகிற கட்டடம் இருக்கிறது. ஆனால் கடை வாசலிலேயே காலை வைத்து இறங்க வேண்டுமென்கிற நம் ஆசை எந்தக் கட்டடத்தாலும் தீராது போல.

இரண்டாவது, கழிப்பறை. நாங்கள் நடந்த தூரத்தில் என் கண்ணில் படவில்லை. கடைசியில் ஒரு பெரிய கடையில் எதையோ விலை கேட்கிற மாதிரி நுழைந்து சமாளித்தோம். பெண்கள் மூன்று மணி நேரம் சுற்றுகிற இடத்தில் பெஞ்சு எவ்வளவு முக்கியமோ அதைவிட இது முக்கியம். கிரானைட்டில் பூச்சட்டி வைக்கிறவர்கள் இதை ஏன் கடைசியில் யோசிக்கிறார்கள் என்பது எனக்குப் புரிந்ததே இல்லை.

மூன்றாவது குறையா, என் பழைய நினைப்பா, தெரியவில்லை. அந்த வளையல், கிளிப் கடைகள் இல்லாத பாண்டி பஜார் கொஞ்சம் விருந்தாளி வீடு மாதிரி இருக்கிறது. சுத்தமாக இருக்கிறது, ஆனால் பேரம் பேசிச் சிரிக்க ஆள் குறைவு. 2014 தெரு வியாபாரிகள் சட்டப்படி, தெருக்கடை விஷயங்களைப் பார்க்கிற நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் தெரு வியாபாரிகளே இருக்க வேண்டும். நடக்கிறவர்களுக்கு இடம் என்று சொல்லி, நடக்கிறவர்களிடம் விற்கிறவர்களை முதலில் துரத்துவதில் எனக்குச் சம்மதமில்லை. பூக்காரம்மா இல்லாத கடைத்தெருவில் எனக்கு என்ன வேலை?

ஊருக்குத் திரும்பி இதையெல்லாம் சொன்னபோது என் அக்கா பையன், சிவில் படித்தவன், “பாண்டி பஜாரை விடுங்க சித்தி, பெங்களூரு சர்ச் ஸ்ட்ரீட் பக்கத்திலேயே இருக்கே” என்றான். அதையும் பார்த்திருக்கிறேன். எங்களுக்கு 90 கிலோமீட்டர்தானே. தெரு முழுக்கக் கல் பதித்து 2018ல் திறந்தார்கள். 2020 நவம்பரிலிருந்து சில மாதம் சனி, ஞாயிறு மட்டும் வண்டியே விடாமல் நிறுத்திப் பார்த்தார்கள். கூட்டம் அள்ளியது என்கிறான். இருக்கலாம். அந்தக் கல் தரை முட்டிவலிக்காரர்களுக்கு ஆகாது. என் மாமியாரைக் கூட்டிப் போய் பாதியில் ஆட்டோ ஏற்றினேன். ரெஸ்டாரண்ட் தெருவுக்கு அது சரி. குக்கர் கேஸ்கட்டும் ஜாக்கெட் லைனிங்கும் விற்கிற தெருவுக்கு வேறு கணக்கு வேண்டும்.

அவன்தான் இன்னொன்றும் சொன்னான். நடைபாதைக்கு இந்தியச் சாலைக் காங்கிரஸ் போட்ட ஐஆர்சி 103 என்று ஒரு வழிகாட்டி இருக்கிறதாம், 2012ல் திருத்தியது. குறைந்தது 1.8 மீட்டர் அகலத்துக்குத் தடையில்லாமல் இருக்க வேண்டும், விளிம்பு உயரம் 15 சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது. மீட்டர் கணக்கு சொன்னால் எனக்கு உடனே கை பரபரக்கும். 1.8 மீட்டர் என்றால் ஒரு மீட்டர் ஜாக்கெட் பிட் இரண்டை நீட்டிப் போட்டால் கொஞ்சம் மிஞ்சும், அவ்வளவுதான். 15 சென்டிமீட்டர் என்றால் ஆறு அங்குலம். கடை சாத்துகிற நேரத்தில் இன்ச் டேப்பை எடுத்துக்கொண்டு போய் என் சொந்தப் படியை அளந்தேன். பதினொன்றரை அங்குலம். மழைத் தண்ணீர் உள்ளே வரக்கூடாது என்று நானே மேஸ்திரியிடம் சொல்லி உயர்த்தச் சொன்னது. வேப்பனஹள்ளி ஆயா அன்றைக்கு ஏற முடியாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றது நினைவுக்கு வந்தது. அதுவரை நான் ஊரைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

அந்த வெட்கத்தோடு மறுநாள் பதினொரு மணிக்கு, பஜார் சூடு பிடிக்கிற நேரத்தில், வாசலில் நின்று வண்டிகளைப் பார்த்தேன். என் கடை முன்னாலும் பக்கத்துக் கடை முன்னாலுமாக ஒன்பது. ஒன்று என் ஸ்கூட்டர். ஒன்று என் கடையில் வேலை செய்கிற பெண்ணுடையது. இரண்டு பக்கத்துப் பாத்திரக்கடை பாயும் அவர் மகனும் தனித்தனியாக ஓட்டி வந்தவை, ஒரே வீட்டிலிருந்து. மூன்று செல்போன் கடைப் பையன்களுடையது. ஒன்று மாடியில் இருக்கிற அடகுக்கடைக்காரருடையது, காலையில் நிறுத்தினால் ராத்திரிதான் எடுப்பார். மீதி ஒன்று யாரோ வாடிக்கையாளருடையதாக இருக்க வேண்டும் என்று காத்திருந்து பார்த்தேன். அந்த ஆள் பேங்க் வேலையை முடித்துவிட்டு வந்து எடுத்துக்கொண்டு போனார்.

“பார்க்கிங் இல்லாவிட்டால் வியாபாரம் படுத்துவிடும்” என்று டீக்கடையில் எத்தனையோ முறை சொன்னவர்களில் நானும் ஒருத்தி. என் கடைக்கு வருகிறவர்கள் பர்கூர், காவேரிப்பட்டணம், மகாராஜகடை பஸ்ஸில் வந்து இறங்கி நடந்து வருகிறார்கள். புருஷன் பைக்கில் கூட்டி வந்தாலும், இறக்கிவிட்டு அந்த ஆள் டீ குடிக்கப் போய்விடுவார். மேட்சிங் கடைக்குள் ஆண்களுக்கு என்ன வேலை? காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரிக்குப் போகிற 44ம் நம்பர் நெடுஞ்சாலையே எங்கள் ஊரை ஒட்டித்தான் போகிறது. அந்த லாரிகள் எல்லாம் பஜாருக்குள் வருவதில்லை. பஜாரை அடைத்துக்கொண்டு நிற்பது கடைக்காரர்களான நாங்கள்தான்.

பாயிடம் இதைச் சொன்னேன். அவர் சட்டென்று ஒத்துக்கொள்கிற ஆள் இல்லை. “அக்கா, உங்க சரக்கு காகிதப் பையில அடங்கும். கல்யாண வீட்டு அண்டா வாங்கறவன் அதைத் தலையில தூக்கிட்டு பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் நடப்பானா? எனக்குச் சரக்கு வர்ற லாரி எங்க நிக்கும்?”

லாரிக்குப் பதில் இருக்கிறது. டெல்லி சாந்தினி சௌக்கில் 2021லிருந்து காலை 9 முதல் ராத்திரி 9 வரை மோட்டார் வண்டிக்கு அனுமதி கிடையாது என்று விதி. சரக்கு ஏற்றி இறக்குவதெல்லாம் மீதி நேரத்தில். எங்கள் பஜாரில் ஒன்பதரைக்கு முன்னால் ஷட்டர் தூக்குகிறவர்களே குறைவு, அதனால் விடியற்காலையில் லாரி வந்தால் யாருக்கும் தொந்தரவில்லை, கொஞ்சம் சீக்கிரம் எழுந்திருக்க வேண்டும். அண்டாவுக்குத்தான் என்னிடம் நல்ல பதில் இல்லை. தெருமுனையில் ஆட்டோ நிற்க இடம் விட்டு, கடைப் பையன் அங்கே கொண்டுபோய் ஏற்றலாம் என்றேன். பாய் சிரித்தார். “அந்தப் பையன் வேலையை விட்டுட்டுப் போயிடுவான்.” அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. எல்லாத் தெருவையும் அடைக்க வேண்டாம், ரவுண்டானாவை ஒட்டின துணி, பேன்சி, பூ விற்கிற இரண்டு தெருவை மட்டும் ஒரு ஆடி மாதம் தடுப்பு வைத்துப் பார்க்கலாம் என்பதுதான் என் எண்ணம். 40 கோடி எல்லாம் வேண்டாம். மோரிக்கு உடையாத மூடி, நாலு வேப்பமரம், முதுகு சாய்க்கிற மாதிரி பெஞ்சு, பெண்கள் நம்பிப் போகிற கழிப்பறை ஒன்று. கிரானைட்டே வேண்டாம். எங்கள் மாவட்டத்தில் வெட்டாத கிரானைட்டா?

பாண்டி பஜாருக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு மூன்றரை. பெஞ்சுக்கும் மரத்துக்கும் அந்தப் புடவை விரித்த வாசலுக்கும் முழுசாகக் கொடுப்பேன். கழிப்பறைக்கு ஒன்று கழிக்கிறேன், நடைபாதையில் ஹாரன் அடித்தவனுக்காக அரை. வெளியூரிலிருந்து போகிறவர்கள் மதியம் போகாதீர்கள். நாலு மணிக்கு மேல் போனால் வெயிலும் தாழ்ந்திருக்கும், துணியின் நிறமும் சரியாகத் தெரியும். அதற்குப் பிறகு கடை விளக்குகள் போட்டுவிட்டால் மெரூனும் அரக்கும் ஒன்றுதான்.

என் ஸ்கூட்டரை இப்போது பின்சந்தில் தெரிந்தவர் வீட்டுக் காம்பவுண்டில் விடுகிறேன். இரண்டு நிமிஷ நடை. படியை இரண்டாகப் பிரித்துக் கட்ட மேஸ்திரியிடம் சொல்லியிருக்கிறேன், வரும் வெள்ளி வருவதாகச் சொல்லி மூன்று வெள்ளி ஆகிறது. ஸ்கூட்டர் நின்ற இடம் ஆறடி நீளம், இரண்டரை அடி அகலம், அதையும் அளந்தேன். முதல் நாள் அங்கே நின்று இரண்டு மேட்சிங் பார்த்தோம். இரண்டாம் நாள் காலையில் கடை திறக்க வந்தால், மாம்பழப் பெட்டி கட்டிய யாரோ ஒருவருடைய வண்டி அந்த இடத்தில் நிற்கிறது. மத்தியானம் வரை எடுக்கவில்லை.

மூன்றாம் நாளிலிருந்து பூக்காரம்மா கூடையோடு வந்து அங்கே உட்கார்ந்துவிட்டது. யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கூடைக்குப் பக்கத்தில் இரண்டு பேர் தாராளமாக நின்று மேட்சிங் பார்க்கலாம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே சரம் கட்டுகிற கை நிற்காமல் தலையை மட்டும் தூக்கிச் சொல்கிறது: “அது இல்ல கண்ணு, ரெண்டாவது துணிதான் சேருது.” பாதி நேரம் அது சொல்வதுதான் சரியாக இருக்கிறது.